காரில் உட்கார்ந்திருந்தவரும் கொலைகாரரா?

1975-ம் ஆண்டு ஏப்ரல் 1-ம் தேதி. அமெரிக்காவில் ஃப்ளோரிடா மாநிலத்தின் நடுப்பகுதியில் ஒரு பண்ணை வீடு. காலை ஏழே முக்கால் மணி இருக்கும். ஓர் ஆணும் ஒரு பெண்ணும் பின்வாசலுக்கு வந்து, கார் சூடாகிவிட்டது, கொஞ்சம் தண்ணீர் வேண்டும் என்று கேட்டார்கள். வீட்டுக்காரருக்கு வயது 86. வெளியே வந்த அவரைப் பிடித்துக்கொண்டு துப்பாக்கியை நீட்டினான் வந்தவன். பர்ஸை எடு என்று கூட வந்தவளிடம் சொன்னான். பெரியவர் கூச்சல் போட்டார். 74 வயதான அவர் மனைவி உள்ளேயிருந்து ஒரு துப்பாக்கியோடு ஓடிவந்து அந்தப் பெண்ணைச் சுட்டார். அவளுக்குக் காயம். பதிலுக்குச் சுட்டதில் கணவன், மனைவி இருவருமே இறந்துபோனார்கள். உடல்களைச் சமையலறைக்குள் இழுத்துப் போட்டுவிட்டு, பணத்தை எடுத்துக்கொண்டு இருவரும் ஓடிவிட்டார்கள்.

தண்ணீர் கொடுக்க வந்தவருக்குக் கிடைத்தது மரணம். இதைவிடக் கொடுமை என்ன இருக்கிறது? இதில் யாருக்கும் இரண்டு கருத்து இருக்க முடியாது.

சிக்கல் ஆரம்பிப்பது அந்த வீட்டிலிருந்து சுமார் 200 கஜ தூரத்தில். சாலை ஓரமாக வெளிர் மஞ்சள் நிறத்தில் ஒரு பெரிய கார் நின்றிருந்தது. அதில் ஓர் ஆள் உட்கார்ந்திருந்ததை அந்த வழியாகப் போன இரண்டு பேர் பார்த்தார்கள். அந்த ஆள் ஏர்ல் என்மண்ட் என்பது அரசுத் தரப்பு வாதம். அவர் வீட்டுக்குள் போகவில்லை. அவர் சுட்டார் என்பதற்குச் சாட்சி இல்லை. ஆனால் ஜூரி அவரையும் இரண்டு கொலைகளுக்கும் முதல் தரக் கொலைக் குற்றவாளி என்று தீர்ப்பளித்தது. சுட்டவனுக்குக் கிடைத்த அதே மரண தண்டனை அவருக்கும் கிடைத்தது!

இது எப்படி? இதற்குப் பெயர்தான் 'ஃபெலனி மர்டர்' விதி. இந்த விதியின் கதையும், இதன் கீழ் தண்டிக்கப்பட்டவர்கள் மேல்முறையீட்டுக்குப் போன கதையும் சட்டம் படிக்காதவர்களும் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று.

விதி என்ன சொல்கிறது?

சாதாரணமாக ஒருவரைக் கொலைகாரர் என்று சொல்ல இரண்டு விஷயங்கள் வேண்டும். ஒன்று செயல், இன்னொன்று எண்ணம். கொல்ல வேண்டும் என்ற எண்ணமோ, அதற்கு நிகரான கொடூர மனநிலையோ இருந்தது என்று நிரூபிக்க வேண்டும். எண்ணமே இல்லாமல் உயிர் போனால் அது வேறு குற்றம், தண்டனையும் குறைவு.

ஃபெலனி மர்டர் விதி இந்த இரண்டாவது தேவையைத் தூக்கிவிடுகிறது. கொள்ளை, தீவைப்பு, பாலியல் வன்முறை, ஆள்கடத்தல் போன்ற கொடுங்குற்றம் ஒன்றைச் செய்யும்போது யாராவது இறந்துவிட்டால், அது தானாகவே கொலை ஆகிவிடும். கொல்லும் எண்ணம் இருந்ததா என்ற கேள்வியே எழாது. குற்றத்தில் நான்கு பேர் கூட்டு என்றால் நான்கு பேருமே கொலைகாரர்கள். உள்ளே போனவர், வெளியே காவல் நின்றவர், கார் ஓட்டியவர் என்ற வித்தியாசம் கிடையாது.

வணிகவியல் மாணவர்களுக்கு இது பழகிய சங்கதி போலத் தோன்றும். 1932-ம் ஆண்டின் இந்தியக் கூட்டாண்மைச் சட்டப்படி, கூட்டாளிகளில் ஒருவர் நிறுவனத்துக்காகச் செய்த செயலுக்கு எல்லாக் கூட்டாளிகளும் பொறுப்பு. "எனக்குத் தெரியாது, அவர் செய்தார்" என்று கை விரிக்க முடியாது. ஆனால் ஒரு பெரிய வேறுபாடு இருக்கிறது. கடன் கொடுத்தவர் யாரிடம் வேண்டுமானாலும் கேட்கலாம். ஆனால் மொத்தத்தில் ஒரு முறைதான் வசூலிக்க முடியும். ஒரு கூட்டாளி கட்டிவிட்டால் மற்றவர்களிடம் கணக்குத் தீர்த்துக்கொள்ளலாம். கொலைப் பழியை அப்படிப் பங்கு போட முடியாது. நான்கு பேர் சேர்ந்தால் நான்கு பேர் தலையிலும் முழுப் பழியும் விழும்.

இந்த விதி எங்கிருந்து வந்தது?

அமெரிக்காவுக்கு இது இங்கிலாந்திலிருந்து போனது. சர் எட்வர்ட் கோக் என்ற பெரிய சட்ட மேதையின் நூல் ஒன்று அவர் இறந்த பிறகு 1644-ல் வெளியானது. அதில் ஓர் உதாரணம் வருகிறது. அடுத்தவர் பூங்காவில் திருட்டுத்தனமாக மானை நோக்கி ஒருவன் அம்பு விடுகிறான். புதருக்குள் ஒளிந்திருந்த ஒரு சிறுவன் மேல் அது பாய்ந்து அவன் இறக்கிறான். செயல் சட்டவிரோதமானது, ஆகவே இது கொலை என்றார் கோக். நினைத்துப் பாருங்கள், குறி மான், செத்தது மனிதன்!

1762-ல் சர் மைக்கேல் ஃபாஸ்டர் என்ற நீதிபதி இதைக் கொஞ்சம் சுருக்கினார். எந்தச் சட்டவிரோதச் செயலும் போதாது, கொடுங்குற்றம் செய்யும் எண்ணம் இருக்க வேண்டும் என்றார். அடுத்தவர் கோழியைச் சும்மா சுட்டபோது ஆள் இறந்தால் கொலை அல்ல. கோழியைத் திருடும் எண்ணத்தோடு சுட்டபோது இறந்தால் கொலை!

அந்தக் காலத்தில் இது பெரிய அநியாயமாகப் படாததற்கு ஒரு காரணம் உண்டு. கொடுங்குற்றங்களில் பெரும்பாலானவற்றுக்கு அப்போது தூக்குதான். திருட்டுக்குத் தூக்கு என்றாலும் கொலைக்குத் தூக்கு என்றாலும் முடிவு ஒன்றே. பிற்காலத்தில் திருட்டுக்கும் கொள்ளைக்கும் தண்டனை குறைந்தது. ஆனால் பழைய விதி மட்டும் அப்படியே தங்கிவிட்டது. அப்போதுதான் அதன் பாரம் தெரிய ஆரம்பித்தது.

1887-ல் லண்டனில் செர்னே என்பவர் மீது ஒரு வழக்கு நடந்தது. காப்பீட்டுப் பணத்துக்காகத் தன் கடைக்கும் வீட்டுக்கும் தீ வைத்தார், அதில் 14 வயது மகன் இறந்தான் என்பது குற்றச்சாட்டு. நீதிபதி ஸ்டீபன், விதியை அப்படியே ஜூரியிடம் சொல்லாமல், உயிருக்கு ஆபத்து என்று தெரிந்த, மரணம் விளைவிக்கக்கூடிய செயலாக இருந்தால்தான் அது கொலை என்று விளக்கினார். செர்னே விடுதலையானார். விதியை உள்ளேயிருந்தே செதுக்கும் வேலை அங்கே தொடங்கியது.

இந்தியா ஏன் இதை அப்படியே ஏற்கவில்லை?

இங்கே நம் நாட்டுக்கு ஒரு நேரடித் தொடர்பு இருக்கிறது. 1837-ல் இந்திய தண்டனைச் சட்டத்தின் வரைவைத் தயாரித்தது மெக்காலே தலைமையிலான குழு. இந்த விதியின் அடிப்படையையே அந்த வரைவின் குறிப்புகள் தாக்கின. ஒருவன் செய்த குற்றத்துக்கு அந்தக் குற்றத்தின் தண்டனையைக் கொடுக்க வேண்டும். அவன் எதிர்பார்க்கவே முடியாத ஒரு விபத்துக்காகக் கூடுதல் தண்டனை கொடுப்பதால் சமூகத்துக்குக் கூடுதல் பாதுகாப்பு எதுவும் கிடைக்காது என்பதுதான் வாதத்தின் சாரம். பிறகு 1881-ல் அமெரிக்க அறிஞர் ஹோம்ஸும் இதே பாதையில் போனார். திருட்டைத் தடுப்பதுதான் நோக்கம் என்றால், ஆயிரம் திருடர்களில் ஒருவனைக் குலுக்கல் போட்டுத் தூக்கிலிடுவது இதைவிடப் பலன் தரும் என்று கிண்டலாகவே எழுதினார்.

1860-ம் ஆண்டு இந்திய தண்டனைச் சட்டத்தில் பொதுவான ஃபெலனி மர்டர் விதி இல்லை. ஆனால் சாயலே இல்லை என்றும் சொல்ல முடியாது. ஐந்து பேர் அல்லது அதற்கு மேல் சேர்ந்து கூட்டுக்கொள்ளை அடிக்கும்போது ஒருவர் கொலை செய்தால், மற்ற அனைவருக்கும் மரண தண்டனை வரை விதிக்கலாம் என்றது 396-வது பிரிவு. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவிலும் அந்த ஏற்பாடு தொடர்கிறது.

தாமதமாக வந்த ஒரு தீர்ப்பு

என்மண்ட் கதைக்குத் திரும்பும் முன் இங்கிலாந்தில் நடந்த இன்னொரு சம்பவம். இது அச்சு அசலான ஃபெலனி மர்டர் அல்ல, ஆனால் நெருங்கிய உறவு.

1952 நவம்பர் 2. லண்டனுக்குத் தெற்கே க்ராய்டன் நகரில் ஒரு கிடங்கைக் கொள்ளையடிக்க இரண்டு பையன்கள் கூரை மேல் ஏறினார்கள். கிறிஸ்டோபர் க்ரெய்குக்கு வயது 16. டெரெக் பென்ட்லிக்கு வயது 19, அறிவு வளர்ச்சி குறைவு. போலீஸ் வந்து பென்ட்லியைப் பிடித்துவிட்டது. அதன் பிறகு க்ரெய்க் சுட்டதில் சிட்னி மைல்ஸ் என்ற காவலர் இறந்தார்.

"லெட் ஹிம் ஹேவ் இட், கிறிஸ்" என்று பென்ட்லி கத்தியதாகப் போலீஸ் சாட்சி சொன்னது. அதாவது "அவருக்குக் கொடு". துப்பாக்கியைக் கொடுத்துவிடு என்றும் எடுக்கலாம், போட்டுத்தள்ளு என்றும் எடுக்கலாம். தமிழிலும் "ரெண்டு கொடு" என்றால் அடி என்றுதானே அர்த்தம்! அப்படிச் சொல்லவே இல்லை என்பது பையன்கள் இருவரின் பதில்.

இருவரும் கொலைக் குற்றவாளிகள் என்று தீர்ப்பானது. சுட்ட க்ரெய்க் 18 வயதுக்குக் கீழ் என்பதால் அவனுக்குத் தூக்கு இல்லை. சுடாத பென்ட்லியின் மேல்முறையீடு தள்ளுபடியானது. 1953 ஜனவரி 28-ல் அவனைத் தூக்கிலிட்டார்கள்.

நாடே கொதித்தது. மரண தண்டனை பற்றி ஆராய்ந்துகொண்டிருந்த அரச ஆணையம், எண்ணம் இல்லாத மரணத்தைக் கொலையாகக் கருதும் பழைய விதியை ஒழிக்கும்படி பரிந்துரைத்தது. 1957-ம் ஆண்டின் கொலைச் சட்டம் அதை ஒழித்தது. ஃபெலனி மர்டர் பிறந்த வீட்டிலேயே செத்துவிட்டது!

பென்ட்லியின் குடும்பம் ஓயவில்லை. 1998 ஜூலை 30-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம், ஜூரிக்கு நீதிபதி வழங்கிய விளக்கம் நியாயமான விசாரணையைக் கெடுத்துவிட்டது என்று சொல்லித் தண்டனைத் தீர்ப்பை ரத்து செய்தது. 45 ஆண்டுகள் கழித்து! ஜெயித்த மேல்முறையீடுதான். ஆனால் யாருக்காக?

மேல்முறையீட்டில் என்னதான் வாதிட முடியும்?

பலர் நினைப்பதுபோல மேல்முறையீடு என்பது வழக்கை முதலிலிருந்து நடத்துவது அல்ல. புதிதாகச் சாட்சி வராது. கீழ் நீதிமன்றத்தில் பதிவானதை வைத்துக்கொண்டு, சட்டத்தில் தவறு நடந்ததா என்று மட்டும் பார்ப்பார்கள். சாதாரணக் கொலை வழக்கில் "எனக்குக் கொல்லும் எண்ணம் இல்லை" என்று வாதிடலாம். ஃபெலனி மர்டரில் அந்தக் கதவை விதியே மூடிவிடுகிறது. அதனால் அமெரிக்க வழக்கறிஞர்கள் வேறு ஜன்னல்களைத் தேடினார்கள்.

1. கொன்றது யார்? கலிஃபோர்னியாவில் ஒரு பெட்ரோல் நிலையத்தைக் கொள்ளையடிக்க வந்தவர்களில் ஒருவனை அதன் உரிமையாளரே சுட்டுக் கொன்றார். பிழைத்த கூட்டாளி மீது கொலை வழக்கு! 1965-ல் மாநில உச்ச நீதிமன்றம் அந்தக் கொலைத் தீர்ப்பை ரத்து செய்தது. கொள்ளையரோ அவர் கூட்டாளியோ கொன்றிருந்தால்தான் விதி பொருந்தும் என்றது. வணிகச் சட்டத்தில் முதல்வர், முகவர் என்று படிக்கிறோமே, அந்தத் தர்க்கம்தான். கடைக்காரர் கொள்ளைக்காரரின் முகவர் ஆக முடியாது. எல்லா மாநிலங்களும் இதை ஏற்கவில்லை என்பது வேறு விஷயம்.

2. அடிப்படைக் குற்றம் தனிக் குற்றமா? எல்லாக் கொலையிலும் ஒரு தாக்குதல் இருக்கும். தாக்குதலையே அடிப்படைக் குற்றமாகக் காட்டினால், எந்தக் கொலையிலும் எண்ணத்தை நிரூபிக்கத் தேவையில்லாமல் போய்விடும். 1969-ல் கலிஃபோர்னியா நீதிமன்றம் இந்தக் குறுக்கு வழியை அடைத்தது.

3. விதியே செல்லுமா? 1980-ல் மிச்சிகன் உச்ச நீதிமன்றம் மூன்று மேல்முறையீடுகளைச் சேர்த்து விசாரித்து, குற்றம் செய்யும் எண்ணத்தையே கொலை எண்ணமாகக் கொள்ள முடியாது என்று அந்த விதியை அடியோடு ஒழித்தது. 1990-ல் கனடா உச்ச நீதிமன்றம், உயிர் போகும் என்று முன்கூட்டி அறியாத ஒருவரைக் கொலைகாரர் என்பது அரசியல் சாசனத்துக்கு எதிரானது என்றது.

4. தண்டனை அளவுக்கு மீறியதா? குற்றவாளி என்பதை மறுக்காமல், தண்டனையை மட்டும் தாக்குவது. என்மண்டின் வழக்கறிஞர்கள் பிடித்தது இந்த நான்காவது ஜன்னலை.

ஒரே ஒரு ஓட்டு

1981-ல் ஃப்ளோரிடா உச்ச நீதிமன்றம் என்மண்டின் மேல்முறையீட்டை ஏற்கவில்லை. வீட்டருகே காரில் இருந்தவர் அவர்தான் என்று ஜூரி ஊகித்திருக்கலாம், கொள்ளையர் தப்பிக்க உதவக் காத்திருந்தார், அது போதும் என்றது. கொல்லும் எண்ணம் இருந்ததா என்பது தேவையற்ற கேள்வி என்று ஒதுக்கியது.

வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. 1982 மார்ச்சில் வாதம். ஜூலை 2-ல் தீர்ப்பு. ஒன்பது நீதிபதிகளில் ஐந்து பேர் ஒரு பக்கம், நான்கு பேர் மறு பக்கம். பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதியவர் நீதிபதி பைரன் வொயிட். தானே கொல்லாத, கொல்ல முயலாத, கொல்லும் எண்ணமும் இல்லாத ஒருவருக்கு மரண தண்டனை விதிப்பது, கொடூரமான தண்டனைகளைத் தடுக்கும் எட்டாவது திருத்தத்துக்கு விரோதம் என்பது முடிவு.

இதற்கு அவர் காட்டிய புள்ளிவிவரங்கள் கவனிக்க வேண்டியவை. மரண தண்டனை இருந்த 36 ஆட்சிப் பகுதிகளில் எட்டு மட்டுமே, கொள்ளையில் கூட இருந்ததற்காக மட்டும் மரண தண்டனை விதிக்க அனுமதித்தன. 1954-க்குப் பிறகு நிறைவேற்றப்பட்ட, ஆய்வுக்கு எடுத்த 362 மரண தண்டனைகளில், சுடாத கூட்டாளி தூக்குமேடைக்கோ மின்நாற்காலிக்கோ போனது ஆறு வழக்குகளில் மட்டுமே. ஆறுமே 1955-ம் ஆண்டில் நடந்தவை. 1981 அக்டோபரில் விவரம் கிடைத்த 739 மரண தண்டனைக் கைதிகளில், என்மண்டின் நிலையில் இருந்தவர்கள் அவரையும் சேர்த்து மூன்றே பேர். சமூகமே இப்படிப்பட்ட தண்டனையைக் கைவிட்டுவிட்டது என்பதற்கு இவை சான்று என்றார் வொயிட்.

பயமுறுத்தித் தடுக்கலாமே என்ற வாதத்துக்கும் பதில் இருந்தது. கொள்ளைகளில் சுமார் அரை சதவீதம்தான் கொலையில் முடிகிறது. 200-ல் ஒன்று. நடக்கும் என்று நினைக்காத ஒன்றுக்காக விதிக்கும் தண்டனை எப்படி ஒருவரைத் தடுக்கும்?

மறு பக்கத்தையும் சொல்ல வேண்டும். அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் முதல் பெண் நீதிபதியான சாண்ட்ரா டே ஓ'கானர், நால்வர் சார்பில் மாறுபட்ட தீர்ப்பு எழுதினார். கொள்ளைக்குத் திட்டம் போட்டதே என்மண்ட்தான் என்ற அரசுத் தரப்பு வாதத்தை அவர் சுட்டிக்காட்டினார். யாருக்கு எவ்வளவு பழி என்பதை மாநிலங்களும் ஜூரிகளும் தீர்மானிக்கட்டும், உச்ச நீதிமன்றம் ஒரே கோடு போடக் கூடாது என்றார். ஆனால் அவர்கூட மரண தண்டனையை அப்படியே உறுதி செய்யச் சொல்லவில்லை. என்மண்டே சுட்டார் என்று விசாரணை நீதிபதி தவறாக நினைத்துத் தண்டனை கொடுத்திருக்கிறார், ஆகவே தண்டனையை மறுபடி முடிவு செய்யட்டும் என்றார். அந்த 200 கஜ தூரத்தைக் கீழ் நீதிமன்றம் சரியாக அளக்கவே இல்லை!

ஒரு ஓட்டு வித்தியாசத்தில் என்மண்டின் உயிர் பிழைத்தது. ஆனால் இங்கே பலர் கவனிக்காத ஒன்று உண்டு. அவர் கொலைக் குற்றவாளி என்ற தீர்ப்பை உச்ச நீதிமன்றம் தொடவில்லை. மாறியது தண்டனை மட்டும். பிறகு ஃப்ளோரிடாவில் அவருக்கு இரண்டு ஆயுள் தண்டனைகள் விதிக்கப்பட்டன. ஒவ்வொன்றிலும் குறைந்தது 25 ஆண்டுகள் கழிக்க வேண்டும். இரண்டையும் ஒன்றன் பின் ஒன்றாக அனுபவிக்கச் செய்யலாம் என்று 1985-ல் மாநில உச்ச நீதிமன்றம் சொன்னது. அதாவது 50 ஆண்டுகள்! அதே சம்பவத்தில் வீட்டுக்கு நேரில் போன பெண்ணுக்குத் தனி விசாரணையில் இரண்டாம் தரக் கொலை என்றுதான் தீர்ப்பாகியிருந்தது. காரில் இருந்தவர் முதல் தரக் கொலைகாரர். வாசலில் நின்றவர் இரண்டாம் தரக் கொலைகாரர்!

கோடு நகர்ந்தது

ஐந்தே ஆண்டுகளில் இன்னொரு வழக்கு. 1978 ஜூலை 30-ல் அரிஸோனா சிறையில் இருந்த கேரி டைஸன் என்ற கொலைக் கைதியை அவருடைய மூன்று மகன்களும் துப்பாக்கிகளோடு வந்து தப்பிக்க வைத்தார்கள். இன்னொரு கொலைக் கைதியும் கூடத் தப்பினார். வழியில் பாலைவனத்தில் டயர் பழுதானது. உதவி செய்ய நின்ற ஒரு குடும்பத்தை, கேரியும் மற்றக் கைதியும் சுட்டுக் கொன்றார்கள். இறந்த நால்வரில் ஒன்று இரண்டு வயதுக் குழந்தை. மகன்களில் இருவர் அந்த நேரம் தண்ணீர் எடுக்கப் போயிருந்ததாகவும், கொலை நடக்கும் என்று எதிர்பார்க்கவில்லை என்றும் சொன்னார்கள். பிறகு போலீஸ் மறித்தபோது ஒரு மகன் இறந்தான். பாலைவனத்துக்குள் ஓடிய அப்பா வெயிலில் செத்துக் கிடந்தார். மிஞ்சிய இரு மகன்களுக்கும் மரண தண்டனை.

"நாங்கள் சுடவில்லை, கொல்ல நினைக்கவும் இல்லை, என்மண்டுக்குச் சொன்னது எங்களுக்கும் பொருந்த வேண்டும்" என்று மேல்முறையீடு செய்தார்கள். 1987 ஏப்ரலில் மறுபடியும் ஐந்துக்கு நான்கு. ஆனால் இம்முறை எதிர்ப்பக்கம்! குற்றத்தில் பெரும் பங்கு வகித்து, மனித உயிரைப் பற்றித் துளியும் கவலைப்படாத மனநிலையும் இருந்தால் அதுவே போதும் என்று தீர்ப்பெழுதியவர் ஓ'கானர். என்மண்ட் தீர்ப்பை எழுதிய வொயிட்டும் அவரோடு சேர்ந்து ஓட்டுப் போட்டார். கொலைக் கைதிகளின் கையில் துப்பாக்கியைக் கொடுத்தவர்களும், சாலையோரக் காரில் இருந்தவரும் ஒன்றல்ல என்று நினைத்தார்களோ என்னவோ. அந்த இரு மகன்களின் மரண தண்டனையும் பின்னாளில் ஆயுள் தண்டனையாக மாறியது.

பூட்டே சாவியான கதை

இந்தக் கதையில் ஒரு வேடிக்கை உண்டு. மகன்களை மரண தண்டனைக்குள் இழுக்க 1987-ல் உருவான அந்த இரண்டு நிபந்தனைகளும் பிற்பாடு கைதிகளை வெளியே விடும் சாவியாக மாறின.

2015-ல் கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றம், கொள்ளையரை இறக்கிவிட்டுச் சில தெருக்கள் தள்ளிக் காரில் காத்திருந்த ஒருவரின் வழக்கை விசாரித்தது. அவர் என்மண்டைப் போன்றவரே, 'பெரும் பங்கு' வகித்தவர் அல்ல என்று, பரோல் இல்லாத ஆயுள் தண்டனைக்கு அடிப்படையாக இருந்த முடிவை ரத்து செய்தது. 2018 செப்டம்பர் 30-ல் ஆளுநர் ஜெர்ரி பிரவுன் ஒரு புதிய சட்டத்தில் கையெழுத்திட்டார். 2019 ஜனவரி 1 முதல், தானே கொன்றவர், கொல்லும் எண்ணத்தோடு உதவியவர், பெரும் பங்கு வகித்து உயிரை மதிக்காமல் நடந்தவர் ஆகியோர் மட்டுமே அங்கே ஃபெலனி மர்டர் குற்றவாளிகள். இறந்தவர் பணியில் இருந்த காவலர் என்றால் இந்தச் சலுகை இல்லை.

முக்கியமான விஷயம், இது பழைய கைதிகளுக்கும் பொருந்தும். மேல்முறையீடு எல்லாம் முடிந்துபோனவர்கள்கூட நீதிமன்றத்தில் மனு போடலாம். முகாந்திரம் இருந்தால் விசாரணை நடக்கும். புதிய சட்டப்படியும் இவர் கொலைக் குற்றவாளிதான் என்று அரசுத் தரப்பு சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்க வேண்டும். முடியாவிட்டால் கொலைத் தீர்ப்பு போய்விடும். கொள்ளைக்கான தண்டனை மட்டும் மிஞ்சும்.

இங்கிலாந்தில் நடந்ததை இதோடு ஒப்பிடலாம். 2016-ல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், கூட்டுக் குற்றத்தில் கூட்டாளி கொல்லக்கூடும் என்று முன்கூட்டித் தெரிந்திருந்தாலே போதும் என்ற பழைய நிலை தவறு, 1984-ல் சட்டம் பாதை மாறிவிட்டது என்று ஒப்புக்கொண்டது. ஆனால் ஏற்கனவே தண்டனை பெற்றவர்கள் காலம் கடந்து மேல்முறையீடு செய்ய வேண்டுமானால், கணிசமான அநீதி நடந்தது என்று காட்ட வேண்டும் என்றது. சட்டம் தவறு என்று சொன்னால் மட்டும் போதவில்லை. அந்தக் கதவைத் தாண்டியவர்கள் மிகச் சிலரே. ஒரே மாதிரித் தவறு. ஓரிடத்தில் சட்டமன்றமே கதவைத் திறந்தது, இன்னோரிடத்தில் நீதிமன்றம் தாழ்ப்பாளைப் பாதிதான் விலக்கியது.

யார் பக்கம் நியாயம்?

இதைப் படிக்கும்போது குற்றவாளிகள் மேல் மட்டும் இரக்கப்பட்டால் அதுவும் தவறு. கொள்ளைக்குத் துப்பாக்கியோடு போகிறவர்களோடு சேருகிறவருக்கு என்ன நடக்கும் என்று கொஞ்சமும் தெரியாதா? கார் தயாராக நிற்கிறது என்ற தைரியத்தில்தானே உள்ளே போகிறார்கள்? தண்ணீர் கொடுக்க வந்த அந்தப் பெரியவரின் பிள்ளைகள் கேட்டால் என்ன பதில் சொல்வது? இந்த விதி இன்னும் பெரும்பாலான அமெரிக்க மாநிலங்களில் ஏதோ ஒரு வடிவத்தில் உயிரோடு இருப்பதற்குக் காரணம் இந்தக் கேள்விகள்தான்.

ஆனால் காரில் இருந்தவர் தண்டனையே இல்லாமல் போக வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. கொள்ளைக்குத் தண்டனை உண்டு. உதவியதற்கு உண்டு. ஆபத்து தெரிந்தும் அலட்சியமாக இருந்தால் அதற்கும் உண்டு. இந்த மேல்முறையீடுகள் எல்லாம் கேட்டது ஒன்றைத்தான்: ஒவ்வொருவர் செய்ததையும் தனித்தனியாக எடை போடுங்கள். ஒரே தராசில் எல்லோரையும் மூட்டையாகக் கட்டிப் போடாதீர்கள்.

கோக் மானையும் சிறுவனையும் வைத்து உதாரணம் எழுதி முந்நூற்று எண்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டன. அந்தச் சாலை ஓரத்தில் அன்று காலை காரில் இருந்தவர் மனதில் என்ன இருந்தது என்று விசாரணை நீதிமன்றம் கேட்கவே இல்லை. ஃப்ளோரிடா உச்ச நீதிமன்றமோ, கேட்கத் தேவையில்லை என்றது. கேட்டாக வேண்டும் என்று சொல்ல வைக்க ஏழு ஆண்டுகளும், வாஷிங்டன் வரை ஒரு மேல்முறையீடும், ஒரே ஒரு ஓட்டும் தேவைப்பட்டன. அந்த ஓட்டு எதிர்ப்பக்கம் விழுந்திருந்தால்?